மகாராணியின் வகிடு

அன்று பதினொரு மணிக்கு எங்கள் விக் யூனிட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: சரோஜாக்கா, அவருடைய நாத்தனார் கௌரி, வாட்ச்மேன் ஹனுமந்தப்பா, நான். மேஜைமேல் ஒரு மரத்தலையும் இருந்தது. அதையும் சேர்த்தால் ஐந்து. இல்லாதவர்கள் இரண்டு பேர்: முதலாளி, பிலோமினா மேடம். இந்த இருவரில் ஒருவர் இருந்திருந்தாலும் இதை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்காது.

எனக்கு இப்போது முப்பத்து மூன்று வயது. ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். முறைப்படி விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்து, சால்வையும் சுவர்க் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். முடித்தூசி நெஞ்சில் படிந்து இரைப்பு வந்துவிட்டது. வேலை வேண்டுமா, மூச்சு வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். மூச்சு என்று சொன்னேன். இப்போது பெங்களூர் அல்சூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கேபிளில் ஒரு வெளிநாட்டுத் தொடர் தமிழ் பேசிக்கொண்டு ஓடுகிறது. ஆஸ்திரியாவில் ஹாப்ஸ்பர்க் என்றொரு ராஜவம்சம். அந்த வீட்டுக்குப் பதினாறு வயதில் மருமகளாகப் போன மகாராணியின் கதை. அவளுக்குக் கணுக்கால்வரை கூந்தல். பழைய யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூன்று பேர் போன வாரம் கடைக்கே வந்துவிட்டார்கள்.

"சார், அந்த முடி நம்ம யூனிட்டு முடியாமே? வகிட்டுல ஏதோ நடந்துச்சாம், அது உங்க வேலையாம். சரோஜாக்கா சொல்றாங்க."

"வேற என்ன சொன்னாங்க?"

"மீதிய உங்களையே கேக்கச் சொன்னாங்க."

ஆகவே, மீதி.

நான் மர்பி டவுன்காரன். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். போனவன் பி.காம். வரை போய்விட்டேன். அதற்குமேல் எங்கே போவது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா வேலை செய்த தெருவில் குடியிருந்த பிலோமினா மேடம்தான் அத்திபெலேயில் இருந்த யூனிட்டில் என்னைச் சேர்த்துவிட்டார். ஒரு வருடம் பயிற்சி, பிடித்துப்போனால் நிரந்தரம் என்று பேச்சு. அங்கே யாரும் என்னைச் சேகர் என்று கூப்பிட்டதில்லை. ‘பீகாம்’ என்றார்கள். மரியாதைக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று முதல் வாரம் முழுக்க நம்பினேன்.

யூனிட்டில் செய்தது தலைமுடி வேலை. கோயில்களில் மொட்டையடித்த முடியை ஏலத்தில் எடுத்து, பிரித்து, அலசி, நிறம் மாற்றி, விக்குகளாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவது. என் பயிற்சியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதல் ஆறு மாதம் முடியை நீளவாரியாக அடுக்கினேன். அடுத்த இரண்டு மாதம் ஆணிப் பலகையில் முடியை இழுத்துச் சிக்கெடுத்து, என் விரலையும் பத்துத் தடவை கிழித்துக்கொண்டேன்.

பிலோமினா மேடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தரம் பார்ப்பது அவர் பொறுப்பு. கஞ்சி போட்ட காட்டன் புடவை. கைக்கடிகாரத்தின் முகம் உள்மணிக்கட்டுப் பக்கம். ஒரு விக் வந்தால் முதலில் அதைப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கொத்தை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்து நுனியிலிருந்து வேர்வரை ஏறுவார். ஒரே ஒரு முடி தலைகீழாகக் கலந்திருந்தாலும் அவர் விரல் நின்றுவிடும். "முடிக்கு மேல், கீழ் உண்டு சேகர். ரெண்டு விரல்ல வெச்சு உருட்டிப் பாரு, வேர்ப் பக்கமாத்தான் நகரும். நம்மதான் மறந்துடறோம், அது மறக்காது." (என் பெயரை வைத்துக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.) அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பு என்றால் விக்கைத் திருப்பித் தந்து "ஒன்ஸ் மோர்" என்பார். அந்த இரண்டு வார்த்தையில் நான்கு நாள் வேலை போகும்.

நான் சேர்ந்து எட்டாம் மாதம் வியன்னாவிலிருந்து அந்த ஆர்டர் வந்தது. டிவி தொடருக்கு, மகாராணிக்கு மூன்று விக். செம்பழுப்பான கஷ்கொட்டை நிறம், கணுக்கால் நீளம். முதலில் ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் மீதி இரண்டோடு அரண்மனைப் பெண்கள் அத்தனை பேருக்கும் விக் நம்மிடம்தான். சரியில்லை என்றால் எல்லாம் மெட்ராஸில் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்குப் போய்விடும். இந்த ஆர்டரை நம்பித்தான் மெல்லிய லேஸ் வலையில் கையால் முடிச்சுப் போட ஒரு புதுப் பிரிவு தொடங்கினார்கள். பதினான்கு பெண்கள், எல்லாரும் தற்காலிகம், தலைவி சரோஜாக்கா. ஆர்டர் போனால் பதினான்கு பேரும் வீட்டுக்கு. அந்தப் பிரிவுக்குக் குமாஸ்தாவாக மாற்றப்பட்ட நானும் வீட்டுக்கு.

லேஸ் வேலை எப்படி என்றால், கொசுவலையைவிட நுண்ணிய, தோல் நிறத்து வலையை மரத்தலைமேல் இழுத்துக் கட்டுவார்கள். பென்சில் மாதிரிப் பிடியில் பொருத்திய, கண்ணுக்குத் தெரியாத கொக்கி ஊசி. ஒரு கண்ணிக்குள் கொக்கியை விட்டு, முடியைப் பிடித்து இழுத்து, சுற்றி, முடிச்சு. தலையின் பின்பக்கம் கண்ணிக்கு மூன்று முடி போடலாம். வகிட்டில் ஒன்றே ஒன்று. கேமரா அங்கேதான் வந்து நிற்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். நான்கு மாதம் போட்டார்கள்.

அந்த நான்கு மாதத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். யாருடைய முடி என்று தெரியாமல் எப்படி வேலை செய்வது என்று தோன்றி, நூலகத்துக்குப் போய் அந்த மகாராணியைப் பற்றிப் படித்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, மதியச் சாப்பாட்டின்போது பதினான்கு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். தலைவார மட்டும் தினமும் மணிக்கணக்கில் ஆகும் என்றேன். முட்டை மஞ்சள்கருவும் பிராந்தியும் கலந்து தலைக்குக் குளிப்பாளாம் என்றேன்.

"பிராந்தியா?" என்றார் சரோஜாக்கா. "எங்கூட்டு ஆளு குடிச்சதுக்கு நாலு மகாராணி குளிச்சிருக்கலாம்பா."

"மாமியாரு எப்படி, பீகாம்?" இது கௌரி.

"ரொம்பக் கண்டிப்பாம்."

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் "ஹூம்" என்றார்கள். அன்றிலிருந்து அந்த விக் ஆர்டர் இல்லை. எங்கள் வீட்டுப் பெண். "பதினாறு வயசுலயே கட்டிக் குடுத்துட்டாங்களா? பாவம்" என்று சொல்லிச் சொல்லி முடிச்சுப் போட்டார்கள். என் படிப்பு முதன்முதலாக நாலு பேருக்குப் பயன்படுவதாக நினைத்து நான் பூரித்துப்போனேன்.

விக் முடிந்த வாரம் ஆயுத பூஜை வந்தது. வியன்னாவிலிருந்து ஹில்டா என்ற அம்மையார் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. விடுமுறை முடிந்து சனிக்கிழமை வருவார். முதலாளி சொந்த ஊருக்குப் போய்விட்டார். மேடத்துக்கு அண்ணன் மகளின் நிச்சயதார்த்தம். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "விக் பெட்டியிலயே இருக்கட்டும்."

காலை எட்டு மணிக்குப் பதினான்கு பேரும் குளித்துப் பூ வைத்து வந்தார்கள். ஆணிப் பலகைகள், கத்தரிகள், பதினான்கு கொக்கி ஊசிகள், தராசு, மின்விசிறி, என் கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஊசிகளைத் தாம்பாளத்தில் வாழையிலைமேல் வரிசையாக வைத்தார்கள். அப்புறம் சரோஜாக்கா என்னைப் பார்த்தார்.

"நாலு மாசம் கண்ணு பூத்துப்போய் செஞ்சது பெட்டிக்குள்ள கிடக்குது. ஊசிக்குப் பொட்டு, அதுக்கு இல்லியா?"

"மேடம் எடுக்கக் கூடாதுன்னாங்க, அக்கா."

"மேடம் பூஜை வேணாம்னா சொன்னாங்க?"

அப்படிச் சொல்லவில்லைதான். பெட்டியைத் திறந்தேன்.

மரத்தலையில் மாட்டினார்கள். கூந்தல் மேஜையிலிருந்து வழிந்து தரையைத் தொட்டது. ஒருவர் தேங்காயெண்ணெய் எடுத்தார்; நல்ல நாளில் வெறும் தலையாகவா வைப்பது? இன்னொருவர் பின்னினார். மல்லிகை ஏறியது. கௌரி நெற்றியில் பொட்டு வைக்கப் போனபோது சரோஜாக்கா கையைத் தட்டிவிட்டார். "அட, கல்யாணமான பொண்ணுடீ. பீகாம் படிச்சுக் காட்டல? வகிட்டுல வை."

கௌரி வைத்தாள். நன்றாக அழுத்தியே வைத்தாள். எண்ணெயும் குங்குமமும் சேர்ந்து, கண்ணிக்கு ஒரு முடியாகப் போட்ட அந்த லேஸில் இறங்கின. எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: அழகாக இருக்கிறாள்.

பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை வாங்கிக்கொண்டு மற்றவர்கள் கிளம்பினார்கள். பதினொரு மணிக்கு ஹனுமந்தப்பா கேட்டிலிருந்து கன்னடமும் தமிழுமாகக் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், பேகா பன்னி! டாக்ஸி பந்திதே! உள்ள ஒரு வெள்ளக்கார அம்மா இதாரே!"

மெட்ராஸ் யூனிட்டைப் பார்த்துவிட்டுப் பெங்களூருக்குப் போகிற வழிதானே அத்திபெலே என்று ஹில்டா அம்மையார் இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். ஐம்பது வயது, கட்டை முடி, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் பூதக்கண்ணாடி. விளக்கு, வாழை, மல்லிகை, நடுவில் மகாராணி. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு யாரும் ஒன்றும் சொல்வதற்குள் நேராக நடந்துபோய் விக்கைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார்.

கௌரி வாயைப் பொத்திக்கொண்டாள். பூஜையில் வைத்த பொருளை மறுநாள் விஜயதசமியில் மறுபூஜை செய்யாமல் எடுக்கக் கூடாது. சரோஜாக்கா ஒரு கணம் யோசித்தார். "நம்ம எடுக்கல. அவங்க எடுத்தாங்க. சாமிக்குத் தெரியும்."

அம்மையார் வகிட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். இது என்ன சிவப்பு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சாயச் சோதனை என்று ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. பதினான்கு பேரின் வேலை அந்த நுனியில் நின்றது. ஆனால் கல்லூரியில் பொய் சொல்லுமளவுக்கு ஆங்கிலம் எனக்குச் சொல்லித்தரவில்லை. "ஷீ இஸ் மேரிட், மேடம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். சிரிக்கவில்லை. கேமரா இவள் நெற்றிக்கு ஓர் அடி தூரத்தில் நிற்கும் என்றார். கைக்கடிகாரத்தைக் காட்டினார். தன் டாக்ஸி ஐந்தரைக்குக் கிளம்பும். அதற்குள் வகிடு சுத்தமாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் மெட்ராஸ்தான் என்றார்.

"அக்கா, லேஸை மாத்தி முடிச்சுப் போடணும். ஊசி எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"அக்கா!"

"வேலை போனா வேற வேலை தேடிக்குவேன் பீகாம். போன வருஷம் டைப்பிஸ்ட் பையன் பூஜை அன்னிக்கே மெஷினைத் தொட்டான். இன்னா ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"மூணே மாசத்துல கல்யாணம் ஆயிடுச்சு அவனுக்கு."

கௌரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. மேடத்துக்குப் போன் செய்ய ஆபீசுக்கு ஓடினேன். போன்மேல் பெரிய பொட்டு. ஹனுமந்தப்பாவின் சைக்கிளை எடுக்கப் போனேன். ஹாண்டில்பாரில் பொட்டு, செவ்வந்தி மாலை. கடைசியில் ஹைவேயில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியே போனேன். அங்கேயும் பொட்டு இருந்தது. ஆனால் அது அந்தக் கடைக்காரர் பொறுப்பு.

நடந்ததையெல்லாம் மேடம் கடைசிவரை கேட்டார். "எண்ணெயை அலசி வை. வகிட்டைத் தேய்க்காதே. வர்றேன்." அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது சரோஜாக்கா ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தார். பொட்டு வைத்தது தொடக் கூடாது, வைக்காதது தொடலாம். "விக்கை அவங்களே எடுத்துட்டாங்க, அது கணக்குல வராது. பக்கெட்டுக்குப் பொட்டு வெச்சோமா? இல்ல. ஷாம்புக்கு? இல்ல. சீப்பு? ஆணிப் பலகைக்குத்தான் வெச்சோம். கௌரி, உன் பைல இருக்கற சீப்பை எடு." ஒரு முனையைக் கௌரியும் ஒரு முனையை நானுமாகப் பிடித்து, புடவை மடிக்கிற மாதிரி அந்தக் கூந்தலை அலசினோம். அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டே பார்த்தார். எண்ணெய் போனது. சிவப்பு போகவில்லை.

ஒரு மணிக்கு மேடம் பட்டுப்புடவையோடு வந்து இறங்கினார். கண்ணை மூடி, வகிட்டின்மேல் விரலை ஓட்டினார். "ஒன்ஸ் மோர்" என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து ஒரு கொக்கி ஊசியை எடுத்தார். பிடி தேய்ந்து பளபளத்தது. அவர் இருபது வருடத்துக்கு முன் இதே வேலையில் விரல் பழகியவர் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"சரோஜா, இதுக்குப் பொட்டு இருக்கா?"

சரோஜாக்கா குனிந்து பார்த்தார். "இல்ல மேடம்."

"அப்போ எனக்குத் தடை இல்ல."

அம்மையார் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். தன் தோல்பையை அவிழ்த்து, தன்னுடைய கொக்கி ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கத்தரியும் அவருடையதுதான். கறைபட்ட லேஸிலிருந்து முடியை ஒவ்வொன்றாக அவிழ்த்து, வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமாக என் இரண்டு உள்ளங்கைகளில் கிடத்தினார்கள். அவ்வளவு நீளமான முடி வேறு கையிருப்பில் இல்லை. அதே முடிதான் திரும்பப் போக வேண்டும். கறைப்பட்டையை வெட்டி, புது லேஸ் வைத்துத் தைத்தார்கள். பிறகு மேடம் நெற்றிப் பக்கத்திலிருந்தும் அம்மையார் உச்சிப் பக்கத்திலிருந்தும் முடிச்சுப் போடத் தொடங்கினார்கள். ரயில் சுரங்கப்பாதையை இரண்டு பக்கமிருந்தும் தோண்டுகிற மாதிரி இருந்தது.

நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். விட்டால் முடி பறக்கும்.

சரோஜாக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இருவர் தோளுக்கும் நடுவில் தலையை நீட்டி நின்றார். தொடத்தான் கூடாது, எண்ணலாம். "நூத்திப்பத்து... மேடம், அது லூஸு. நூத்திப்பதினொண்ணு... ஏம்மா வெள்ளக்காரம்மா, ஒண்ணுதான், ஒண்ணே ஒண்ணு, ரெண்டு முடி போவுது பாரு! பீகாம், இங்கிலீஷ்ல சொல்லேன்!" நான் சொன்னேன். அம்மையார் அந்த முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டார். வியன்னாவில் தன்னை யாரும் இப்படி விரட்டியதில்லை என்றார்.

"இன்னா சொல்றாங்க?"

"நீங்க நல்லா எண்ணுறீங்களாம்."

"அது எனக்கே தெரியும். நூத்திப்பன்னெண்டு."

நானூற்றுப் பதினெட்டாவது முடிச்சில் இரண்டு ஊசிகளும் சந்தித்தன. மணி ஐந்து பத்து. அம்மையார் எழுந்து பூதக்கண்ணாடியால் வகிட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். மேடத்திடம் நீட்டினார். மேடம் கண்ணை மூடி விரலை ஓட்டினார். நடுவில் ஓர் இடத்தில் அந்த விரல் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். சரோஜாக்காவும் பார்த்தார். மேடம் கண்ணைத் திறந்து "ஓகே" என்றார். வேறு யாராவது போட்டிருந்தால் நிச்சயம் ஒன்ஸ் மோர்தான்.

அம்மையார் கையெழுத்துப் போட்டார். வெட்டிய சிவப்பு லேஸ் துண்டை ஒரு கவரில் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்தரைக்கு டாக்ஸி கிளம்பியது. பதினான்கு பேரும் நிரந்தரம் ஆனார்கள். அரண்மனைப் பெண்களுக்கும் நாங்களே செய்தோம். யாருடைய கல்யாண விவரத்தையும் நான் வாசித்துக் காட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தேன். மகாராணி கண்ணாடி முன்னால் கூந்தலை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கேமரா வகிட்டுக்கே வந்துவிட்டது. சரோஜாக்கா போன் செய்தார். "பாத்தியா? நடுவுல ஒரு முடிச்சு கோணல். அது மேடம் போட்டது. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்." அம்மாவுக்கு வேறு குறை. "புருசன் உசுரோட இருக்கான், வகிட்டுல ஒண்ணும் இல்லியே, மூளியாட்டம் இருக்குதே" என்றார்.

இனி அந்தக் குங்குமத்தால் எனக்கு ஆன செலவுக் கணக்கு, கேட்ட பெண்களுக்காக மட்டுமல்ல, பி.காம். படித்ததற்காகவும். ஊரிலிருந்து திரும்பிய முதலாளி, "அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு எவன் சொன்னான்?" என்றார். நான்தான் என்றேன். மேடம் எழுதிய அறிக்கையில் என்னைப் பற்றி இரண்டே வரி: ‘சொன்னதைச் செய்யவில்லை. கேட்டபோது பொய் சொல்லவில்லை.’ முதல் வரிக்காகப் பயிற்சிக் காலம் ஆறு மாதம் நீண்டது. இரண்டாம் வரிக்காக வேலை தப்பியது. நிரந்தரச் சம்பளத்துக்கு மாதம் அறுநூறு குறைவு, ஆக மூவாயிரத்து அறுநூறு ரூபாய். அந்த ஆறு மாதமும் பதினான்கு பெண்கள் முறை வைத்து எனக்கு மதியச் சோறு கொண்டுவந்தார்கள். கேன்டீன் செலவில் தொள்ளாயிரம் மிச்சம். எஸ்.டி.டி. பதினான்கு. குங்குமப் பொட்டலம் ஒன்றேகால். மொத்தம் இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினைந்து ரூபாய் இருபத்தைந்து காசு. அதில் அந்த ஒன்றேகால் ரூபாயைத் தான் தருவதாகச் சரோஜாக்கா அன்றே சொன்னார். இன்னும் தரவில்லை.